மூணு வயிறும் ஒரு தாராவும்

மருமோனே, நீ வாட்ஸ்ஆப்புல அனுப்பின ஈஸ்டர் டின்னர் லிஸ்டு வந்து சேந்தது. கண்ணாடியைத் தொடச்சுப் போட்டு நான் ஒரு தரம் வாசிச்சேன். பொறவு உன் மாமியை விளிச்சு, சத்தமா வாசிக்கச் சொன்னேன். ஏழாவது ஐட்டத்துல மூச்சு விட்டுட்டு, “யாருக்குக் கல்யாணம்?”னு கேட்டா.

பாலப்பம், இடியாப்பம், தாராவு (வாத்து) ரோஸ்ட், பீஃப் உலர்த்தியது, ஆட்டு இஷ்டு, நெய்மீன் மோலி, கோழிக் கட்லெட், நெய்ச்சோறு, சாலட், புட்டிங், பிளம் கேக்கு, வைன். மொத்தம் 12. அதுக்குக் கீழே, “சிம்பிளாத்தான் போட்டிருக்கேன் மாமா, எதாவது விட்டுப்போச்சா?”ன்னு ஒரு கேள்வி வேற. விட்டுப்போச்சு மக்கா. பந்தலும் மைக்செட்டும் விட்டுப்போச்சு.

வீட்டுல ஆளு எத்தன? நீ, உன் பெண்டாட்டி, ஆறு வயசுப் பிள்ளை. பிள்ளை அப்பத்துல ஓரத்தை மட்டும் பிச்சுத் தின்னுட்டு, நடுவுல உள்ளதைத் தட்டிலயே வச்சிட்டு டிவி முன்னால போயிருவா. உனக்கு டெக்னோபார்க்குல உக்காந்து உக்காந்து வயிறு பெருசாச்சே தவிர பசி பெருசாகல. கணக்காப் பாத்தா ரெண்டேகால் வயிறு. இதுக்கு 12 வகை வச்சா, அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் உங்க பிரிட்ஜைத் தொறக்கியவன் காலுல பாத்திரம் விழும்.

அது கெடக்கட்டும். முதல்ல ஒண்ணு கேக்கேன். ராத்திரி எட்டு மணிக்கு டின்னர்னு எழுதியிருக்கியே, அன்னைக்கு எட்டு மணிக்கு உன் வீட்டுல எவன் முழிச்சிருப்பான்?

கல்லறைக்குப் பொம்பளைங்க போனது விடியக்காலம். அதனால சர்ச்சுலயும் நேரம் வெளுக்கும் முன்னே ஆராதனை. எல்.எம்.எஸ். முக்குல 1906-ல கட்டின மட்டீர் நினைவு ஆலயத்துக்கு நாலரைக்குப் போய் நிக்கணும்னா நீ மூணரைக்காவது எந்திரிக்கணும். போன வருசம் பிரசங்கம் தொடங்கி ரெண்டாவது நிமிசம் நீ தலையை ஆட்டினே. ஐயரு சொன்னதுக்குத் தலையாட்டுதான்னு எல்லாரும் நெனச்சாங்க. நான் பக்கத்துல இருந்தவன், எனக்குக் குறட்டை கேட்டுது. அப்படிப்பட்டவன் ராத்திரி எட்டுக்குத் தாராவோட மல்லுக்கட்டப் போறானாம்.

நம்ம பக்கத்துல ஈஸ்டருக்குப் பெரிய சாப்பாடு காலம்பறயாக்கும். சர்ச்சு விட்டு வந்து, சட்டையைக்கூட மாத்தாம, அப்பமும் கறியும். உச்சைக்கு ஒரு பிடி சோறு, பொறவு உறக்கம். ராத்திரிக்கு மிச்சம். நாஞ்சில் நாட்டுலயும் அதுதான், உங்க திருவனந்தபுரத்துலயும் அதுதான். 1956 நவம்பர் 1-க்கு முன்னால ரெண்டும் ஒரே ராஜ்யம். நான் பொறந்தப்போ எனக்குத் தலைநகரம் மதராஸ் இல்ல, உங்க ஊராக்கும். கோடு போட்டவன் மண்ணுல போட்டான், அடுக்களையில போடல.

வேதத்தை எடுத்துப் பாரு. யோவான் எழுதின சுவிசேசம், 21-ஆம் அதிகாரம். ராத்திரி முழுக்க வலை போட்டும் ஒரு சாளைகூட கிடைக்காம சீசமாரு ஏழு பேரு கரைக்கு வாறானுக. கரையில கரிநெருப்பு, அதுக்கு மேல மீனு, கூட அப்பம். உயிர்த்தெழுந்தவரு தன் கையால வச்ச சாப்பாடு, நேரம் விடியலு, ஐட்டம் ரெண்டு. சரி, ராத்திரி சாப்பாடுதான் வேணும்னு நீ பிடிவாதம் பிடிச்சா, லூக்கா 24-க்குப் போ. எம்மாவூருல அந்திக்கு ஒரு வீடு. ஆளு மூணு. உன் வீட்டுல உள்ள அதே மூணு. மேசையில என்ன இருந்தது? அப்பம். பிளம் கேக்கைப் பத்தி லூக்கா ஒண்ணும் எழுதல. அவரு வைத்தியரு, எழுதாம விட்டதுக்குக் காரணம் இருக்கும்.

இந்த டின்னர் ஆசை உனக்கு எங்க இருந்து வந்ததுன்னு எனக்கு மனசிலாச்சு. இங்கிலீஷ் சினிமாவுல நீட்ட மேசை, மெழுகுவத்தி, நடுவுல பளபளன்னு ஒரு பன்னித்தொடை. அந்தத் தொடையோட கதை தெரியுமா உனக்கு? அமெரிக்கக்காரனும் ஐரோப்பாக்காரனும் பிரிட்ஜ் இல்லாத காலத்துல குளிரு தொடங்கும் முன்னே பன்னியை அறுத்து, உப்புல ஊறவச்சு, புகையில தொங்கவிடுவானுக. குளிருகாலம் முழுக்கத் தொங்கி, பதம் வந்து இறங்குத நேரம் பாத்து ஈஸ்டர் வரும். மேசையில வச்சானுக. அவ்வளவுதான். அது அவனுக்குக் கைவசம் இருந்த சரக்கு, நீ காசு குடுத்து டின்னுல வாங்குதே. முட்டையும் அப்படித்தான். நோம்புல முட்டை திங்கக்கூடாது, ஆனா கோழிக்கு நோம்பு தெரியாது, அது பாட்டுக்கு இடும். நோம்பு முடியும்போது கூடை நெறஞ்சு கெடக்கும். அதை எங்கயாவது தள்ளணுமே. சாயம் பூசி, ஈஸ்டர் முட்டைன்னு பேரு வச்சுட்டானுக. பெருநாளு சாப்பாடு எந்த ஊருலயும் வீட்டுல கெடந்ததை வச்சு உண்டாக்கினதாக்கும். உன் வீட்டுல இந்த மாசம் என்ன கெடக்கு? மாங்காய் கெடக்கு, பலாச்சக்கை கெடக்கு, தேங்காய் கெடக்கு. உன் லிஸ்டுல இந்த மூணும் இல்ல.

இனி தாராவு விசயம். அதுல நான் வாயைத் திறக்கப்பிடாதுன்னு மாமி சொன்னா. அதனால பைய சொல்லுதேன்.

அது உன் பெண்டாட்டி வழியா வந்தது, தெரியும். கோட்டயத்துக்காரி, சுறியானிக் கிறிஸ்தவக் குடும்பம். குட்டநாட்டுத் தண்ணியில நீந்தின தாராவு இல்லாம அவங்க வீட்டுல ஈஸ்டர் விடியாது. அதை நான் குறை சொல்லல. அவ சொந்த ஊரு சாப்பாட்டைக் கேக்காம உன் ஊரு சாப்பாட்டையா கேப்பா? ஆனா கேளு. தாராவு கோழி மாதிரி அரைமணிக்கூருல அடங்குத சாதனம் இல்ல. மூத்த தாராவா மாட்டிச்சுன்னா குக்கரு விசிலடிச்சு விசிலடிச்சு, பக்கத்து பிளாட்டுக்காரன் ரயில் வந்துட்டுன்னு பெட்டியைத் தூக்கிட்டு இறங்கிருவான். பொறவு, கடையில பாதித் தாராவு தரமாட்டான். முழுசா வாங்கணும். அதுல கொழுப்பு வேற. உன் பெண்டாட்டி அம்பது நாளு நோம்பு எடுத்தவ. இறைச்சி, மீனு, முட்டை, பாலு ஒண்ணும் தொடாம இருந்த வயிறு. அம்பத்தொண்ணாம் நாளு காலம்பற வெறும் வயித்துல தாராவுக் கொழுப்பை ஊத்தினா, பெருநாளை அவ குளிமுறியில கொண்டாடுவா. நீ பயப்படாண்டாம், உனக்கு ஒண்ணும் ஆகாது. நீ எடுத்த நோம்பைப் பத்தி உன் ஆபீசு பக்கத்துப் பொரோட்டாக் கடைக்காரனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

அதுக்காகத் தாராவு வேண்டாம்னு அவகிட்ட சொல்லிராதே. வீட்டுல சமாதானம் வேணும்லா. தாராவு முட்டை வாங்கு. முட்டை ரோஸ்ட் வை. “தாராவு இல்லியா?”ன்னு கேட்டா, “இருக்கு, கொஞ்சம் இளசு”ன்னு சொல்லு. மொறைப்பா. மொறைச்சுட்டுச் சிரிப்பா. கோட்டயத்துக்காரிக்கு முட்டை ரோஸ்ட் வெறுக்காது.

முட்டை பத்து வாங்கு. மூணு பேருக்குப் பத்தான்னு இப்ப கேக்காதே. வாங்கு.

ரோஸ்டுக்கு நாலு பெரிய பல்லாரி உரிப்பேல்லியா, உங்க ஊருல சவாளான்னு சொல்லுவாங்களே, அந்தத் தோலைக் குப்பையில போட்டிராதே. கடைக்காரன்கிட்ட கேட்டா கூடையடியில கெடக்குத தோலையும் சும்மா அள்ளித் தருவான். ரெண்டு கை நெறையத் தோலைத் தண்ணியில போட்டு அரைமணிக்கூரு கொதிக்க விடு. தண்ணி கருங்காலி வெந்த மாதிரி சிவக்கும். வடிச்சு, ஒரு கரண்டி வினாகிரி விட்டு, மூணு முட்டையை அதுலயே வேகவச்சு அப்படியே கெடக்க விடு. தாராவு முட்டைக்கு ஓடு வெளுப்பு, சாயம் நல்லாப் பிடிக்கும். வெளிய எடுத்தா செம்பு நெறம். முட்டையில முன்னமே ஒரு மல்லியெலையை ஒட்டவச்சு, பழைய வேட்டித்துண்டால இறுக்கிக் கட்டி வேகவச்சிருந்தா, எலை இருந்த எடம் மட்டும் வெளுப்பா நிக்கும். பிள்ளைக்கு இதைக் காட்டு. சனிக்கிழமை மத்தியானம் முழுக்க அவ அடுக்களையை விட்டு நகரமாட்டா, உன் போனைக் கேக்கவும் மாட்டா. பாக்கி ஏழு முட்டை ரோஸ்டுக்கு.

ரோஸ்டுக்குச் சூத்திரம் ஒண்ணே ஒண்ணு. வெங்காயத்துக்கு அவசரம் காட்டாதே. தேங்காயெண்ணெயில, சின்னத் தீயில, அது தானா குழைஞ்சு நெறம் மாறுத வரைக்கும் நிக்கணும். இஞ்சி, பச்சமொளகு, பொறவு பொடிகள், கடைசியில ரெண்டு தக்காளி. தாராவு முட்டை பெருசு, பத்துப் பன்னிரண்டு நிமிசமாவது வேகணும். சனிக்கிழமை ராத்திரியே மசாலாவை வச்சு மூடிரு. காலம்பற முட்டையைக் கீறி அதுல இறக்கிச் சூடாக்கினாப் போதும்.

அடுத்து அப்பம். இதுல நான் படிச்ச பாடத்தைச் சொல்லுதேன், சிரிக்கப்பிடாது.

உங்க அம்மை, அதாவது எங்க அக்கா, கல்யாணம் கழிஞ்சு உங்க ஊருல ஒரு வாடகை வீட்டுல இருந்த சமயம். ஈஸ்டருக்கு நான் வந்திருந்தேன். மாவு நான் கலக்குதேன்னு பெருமைக்குச் சொல்லிட்டேன். சனிக்கிழமை அந்திக்கு ஆறு மணிக்கே கலக்கி, ஈஸ்டு ஒரு கரண்டி தாராளமாப் போட்டு, மேல ஒரு தட்டை வச்சு, அதுக்கு மேல அம்மிக் குழவியை வச்சுட்டுப் படுத்தேன். அந்த ஊரு ஏப்ரல் சூடு உனக்குத் தெரியுமே. மூணு மணிக்கு ‘டமார்’னு ஒரு சத்தம். அக்கா விளக்கைப் போட்டா, குழவி ஒரு மூலையில, தட்டு ஒரு மூலையில, மாவு பானையை விட்டு எழும்பி, தரையில இறங்கி, வாசலைப் பாத்துப் போய்க்கிட்டு இருக்கு. அத்தான் கதவோரம் நின்னு பாத்துட்டுச் சொன்னாரு: “கல்லு புரண்டாச்சு, இனி சர்ச்சுக்குப் போவாண்டாம்.” அன்னைக்கு நாங்க காலம்பற தின்னது சாயாக்கடைப் புட்டு.

அதனால சொல்லுதேன், ராத்திரி பத்து மணிக்குக் கலக்கு. பச்சரிசி நாலஞ்சு மணிக்கூரு ஊறட்டும். தேங்காத் துருவலும் ஒரு பிடி சோறும் சேத்து வெண்ணெய் மாதிரி அரை. அரைச்ச மாவுல ரெண்டு கரண்டியைத் தனியா எடுத்துத் தண்ணியில கலக்கி, கட்டி படாமக் கூழாக் காச்சு. கோட்டயத்துல இதுக்குக் கப்பி காச்சுததுன்னு பேரு. ஆறின பொறவு அதை மாவுல சேத்தாத்தான் நடுவுல பஞ்சு கிடைக்கும். சூட்டோட சேத்தா ஈஸ்டு செத்துப்போவும். ஈஸ்டு கால் கரண்டிக்கு மேல வேண்டாம். ஈஸ்டரும் ஈஸ்டும் சொந்தக்காரங்க இல்ல, பேரு பாத்து அள்ளிப் போடாதே. பானையில பாதிக்கு மேல மாவு நிக்கப்பிடாது. ஏழு மணிக்கு நீ சர்ச்சு விட்டு வரும்போது மாவு வாய்விளிம்பைத் தொட்டு, உன்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருக்கும்.

அரிசி ரெண்டு டம்ளர் போட்டா உங்களுக்கு மிஞ்சும். மூணு டம்ளராப் போட்டுக்க. காரணம் பொறவு.

முறைப்படி பாத்தா ஈஸ்டுக்குப் பதிலாக் கள்ளுதான் விடணும். கள்ளப்பத்தோட மணம் வேற. எங்க ஊருல அதுக்கு வழியில்ல, தமிழ்நாட்டுல 1987 சனவரி 1-ல இருந்து கள்ளுக்குத் தடை. களியக்காவிளை எல்லைக்கு இந்தப்பக்கம் நின்னா குத்தம், அந்தப்பக்கம் நின்னா லைசென்சு. தென்னைக்குத் தெரியாது இந்தச் சட்டமெல்லாம். உன் ஊருல கடை இருக்கு. சனிக்கிழமை ஒரு குப்பி வாங்கி வச்சுக்க. மாவுக்கு அரை டம்ளர் போதும். மிச்சத்தைக் கொட்டிராதே, பெரியவங்க யாராவது வந்தா ஒதவும். லிஸ்டுல உள்ள வைனை அடிச்சிரு. இந்த விசயத்துல கேரளத்து ஈஸ்டர் ஒரு தடவை வல்லாத்த வேலை காட்டிச்சு, ஓர்மை இருக்கா? 2018-ல ஈஸ்டர் ஏப்ரல் 1-ல வந்து நின்னுது. ஒண்ணாம் தேதி அங்க மதுக்கடை பூட்டு. உயிர்த்தெழுந்த நாளுல உங்க காலனிக்காரனுக மூஞ்சியைப் பாத்தா பெரிய வெள்ளி இன்னும் முடியலன்னு தோணிச்சு.

அப்பச்சட்டியில முதல் அப்பம் ஒட்டும். எந்த மகாராணி சுட்டாலும் ஒட்டும். அதைச் சுரண்டிப் புருசனுக்கு வைக்கணும், அதுதான் வழக்கம். நீ அதைத் தின்னுட்டு, கொள்ளாம்னு சொல்லணும். அதுவும் வழக்கம்தான்.

ஒரு அப்பம், ஒரு முட்டைக்கறி, காலம்பற முடிஞ்சுது. உச்சைக்கு என்ன? இங்கதான் நீ பீஃப், மட்டன், கோழி, மீனு நாலையும் நிறுத்தி வச்சிருக்க, எலெக்சன்ல வேட்பாளர் நிக்கிற மாதிரி. ஒருத்தனைத் தேர்ந்தெடு. என் ஓட்டு ஆட்டுக்கறிக்கு. அரைக்கிலோ போதும். முக்கால் கிலோவா வாங்கு.

மீனை நான் தள்ளினதுக்குக் காரணம் உண்டு. விழிஞ்ஞத்துலயும் பூந்துறையிலயும் கடலுக்குப் போற நம்மாளுங்களுக்கும் அன்னைக்குப் பெருநாளாக்கும். ஞாயித்துக்கிழமையே வலை எறக்கமாட்டாங்க, ஈஸ்டர் ஞாயிறு கேக்கவா வேணும். அன்னைக்கு உன் பிளாட்டு வாசல்ல வந்து “பச்ச மீனு”ன்னு ஒருத்தன் கூவினா, அந்த மீனு உன் பெண்டாட்டியைவிட நீளமா நோம்பு இருந்த மீனாக்கும்.

கறிக்கு சனிக்கிழமை காலம்பறயே பாளையம் கன்னிமாரா மார்க்கெட்டுக்குப் போயிரு. கோயிலும் பள்ளிவாசலும் மாதாகோயிலும் ஒண்ணையொண்ணு பாத்து நிக்கிற எடம். அங்க சனிக்கிழமை கூட்டம் ஏறும்னு உனக்கு நான் சொல்லணுமா. 2022-ல பெரிய வெள்ளியும் விஷுவும் ஒரே நாளா வந்து, மார்க்கெட்டுல ஒருபக்கம் கணிவெள்ளரிக்குக் கூட்டம், ஒருபக்கம் கஞ்சிக்குப் பயறு வாங்கக் கூட்டம், நடுவுல நான் கறிவேப்பிலைக்கு நின்னேன். மசாலாச் சாமானுக்குச் சாலைத் தெருவுக்கு நட. ராஜா கேசவதாசன் திவானா இருந்த காலத்துல உண்டான கம்போளம், இன்னைக்கும் பாதிக் கடையில நீ தமிழ்ல விலை பேசலாம். அந்தத் தெருவுல கடை வச்சிருந்துக்கிட்டே ஆ. மாதவன் அந்தத் தெருவையே கதையாக்கி எழுதினாரு. 2015-ல சாகித்ய அகாதெமி பரிசு குடுத்தாங்க. நீ படிச்சிருக்க மாட்டே. சூப்பர்மார்க்கெட்டுல தள்ளுவண்டியைத் தள்ளுத உனக்கு அதெல்லாம் எங்க. அங்க வண்டி காலியா இருந்தா கை தானா ஒண்ணை எடுத்துப் போடும். சாலையில கையில தூக்கிட்டு நடக்கணும், அதனால வேண்டாத சாமான் வராது. உன் லிஸ்டு 12 ஆனது அந்தத் தள்ளுவண்டியாலயாக்கும்.

கறியை வறுத்தரைச்சு வை. தேங்காத் துருவலை இரும்புச் சட்டியில போட்டு, கூட நாலு உள்ளி, ஒரு கொத்துக் கறிவேப்பிலை, ஒரு கரண்டி நல்லமொளகு. கை விடாமக் கிண்டு. வெளுப்பு மஞ்சளாகும், மஞ்சள் செம்மண்ணாகும், அப்ப ஒரு மணம் வரும். அந்த மணத்துல மயங்கி அடுப்பை அணைச்சா கறி வெளுத்துப்போவும். அதுக்கு அடுத்து, காப்பிக்கொட்டை நெறத்துக்குக் கொஞ்சம் முன்னால ஒரு மணம் வரும், பக்கத்து பிளாட்டுக்காரி சன்னலைத் திறந்து எட்டிப்பாப்பா. அப்ப மல்லியும் வத்தல்மொளகாயும் போட்டு ரெண்டு பெரட்டு பெரட்டி இறக்கு. அரைச்சதை உருட்டிப் பிரிட்ஜுல வச்சிரு. சனிக்கிழமை ராத்திரியே கறியை வச்சு முடிச்சாலும் நல்லது, ஆட்டுக்கறி ஒரு ராத்திரி கெடந்தா மசாலா எலும்புக்குள்ள போவும். ஞாயித்துக்கிழமை உச்சைக்கு நீ செய்யவேண்டியது சோறு ஒண்ணு வடிக்கணும். கூடப் பச்சமாங்காயைக் கொத்தி உப்பும் மொளகும் போட்டு ஒரு தொடுகறி. அவ்வளவுதான்.

கேக்கும் புட்டிங்கும் வேண்டாம். சக்கைப்பழம் இருக்கு. அதை வெட்டுததுதான் உன் பெரிய வேலை. கையில எண்ணெய் தேச்சுட்டு வெட்டு. போன தடவை தேக்காம வெட்டிட்டு, கம்ப்யூட்டர்ல விரலு ஒட்டிக்கிட்டுன்னு லீவு போட்டவன் நீ.

இனி நீ ஆசைப்பட்ட ராத்திரி டின்னர். எட்டு மணிக்கே வச்சுக்க, நான் தடுக்கல. மேசைமேல மெழுகுவத்தியும் கொளுத்திக்க, கரண்டு போனாலும் ஒதவும். சாப்பாடு மரச்சீனிக் கிழங்கு. தோலு சீவி, துண்டு போட்டு, முதல் தண்ணியைக் கொட்டி வேகவச்சு, உப்பும் துருவின தேங்காயும் சேத்து மசிச்சு, அதுக்கு மேல உச்சைக்கு மிஞ்சின ஆட்டுக்கறிச் சாறு. விசாகம் திருநாள் மகராசா 1880-லேருந்து 1885 வரைக்கும் அஞ்சே வருசம் ஆண்டாரு. மரச்சீனியை நடுங்கன்னு ஜனங்களைத் தூண்டினவரு. பொறவு ரெண்டாம் உலக யுத்தத்துல பர்மா அரிசி நின்னு போனப்போ இந்தச் சீமையை உயிரோட வச்சது இந்தக் கிழங்காக்கும். எங்க அப்பா அதைத் திங்கும்போதெல்லாம் மகராசாவுக்கு ஒரு கும்பிடு போடுவாரு. வாயில கிழங்கு இருக்கும், கும்பிடு சரியா விழாது.

கறிச்சட்டியில அடிப்பிடிச்ச மசாலா இருக்கும் பாரு, அதுல சூடு மரச்சீனியைப் போட்டுப் பெரட்டி வழிச்சு எடுக்குததுதான் நெசமான ஈஸ்டர் டின்னர். அது விருந்தாளிக்கு வெளம்புதது இல்ல. சமைச்சவங்களுக்கு உள்ளது. உன் பெண்டாட்டி சமைச்சிருந்தா சட்டி அவளுக்கு. நீ சமைச்சிருந்தாலும் அவளுக்குத்தான்.

இதுக்கெல்லாம் முன்னால, பெரிய வியாழக்கிழமை பெசஹாவுக்கு அவ புளிப்பில்லாத அப்பம் அவிப்பா, குருத்தோலைச் சிலுவையை மேல வச்சு. அதை வீட்டுல மூத்தவங்க முறிச்சுக் குடுக்கணும். உங்க வீட்டுல மூத்தவன் நீதான், நெனச்சாலே எனக்குச் சிரிப்பு வருது. ஆனா அந்த அன்னைக்கு மட்டும் போனை வேற முறியில வச்சிட்டு வந்து உக்காரு. தேங்காப்பாலும் சர்க்கரையும் காச்சுன அந்தப் பாலைத் தொட்டுத் தின்னா, அம்பது நாளு நோம்பு எடுக்காத உனக்கும் கொஞ்சம் கூச்சம் வரும். வெள்ளிக்கிழமை கஞ்சியும் பயறும். அன்னைக்குக் கடைப்பக்கம் போவாதே.

யாரையும் விளிக்காதே, அதையும் சொல்லிட்டேன். சின்னக் குடும்பம் பெருநாளு கொண்டாடும்போது சொந்தக்காரனை விளிச்சா கதை கெட்டுது. வருவானுக. காலம்பற வந்தவன் சாயங்காலம் வரைக்கும் இருப்பான். இருக்கியவன் குத்தம் சொல்லுவான். அப்பம் புளிச்சுப்போச்சு, கறியில உப்புக் கொறவு, எங்க காலத்துலன்னு தொடங்குவான். அந்த மாதிரி ஆளுங்களை எனக்கு நல்லாத் தெரியும்.

விளிக்காம வாறவங்க கணக்குல வராது.

இப்பம் உன் பெண்டாட்டி லிஸ்டைத் திருத்தும்போது கேப்பா. அவ கணக்குல புலி. மூணு பேருக்குப் பத்து முட்டை எதுக்கு, அரிசி மூணு டம்ளர் எதுக்கு, கறி முக்கால் கிலோ எதுக்கு, கள்ளு மிச்சம் எந்தப் பெரியவருக்குன்னு. நீ ஒண்ணும் சொல்லாண்டாம். சனிக்கிழமை அந்திக்குக் குழித்துறையில ஏறின ரயிலு தம்பானூருல வந்து நிக்கும். இந்த லைனு 1979-ல வந்த பொறவு ஒரு ஈஸ்டருக்கும் நான் பஸ்ஸுல வந்தது இல்ல. நீ ஸ்டேஷனுக்கு வந்திரு. நம்ம தோட்டத்து மட்டி வாழைக்குலை ஒண்ணு வெட்டி வச்சிருக்கேன், 2023-ல புவிசார் குறியீடு வாங்கின பழம், அதனால இப்ப அதுக்கும் எனக்கும் மரியாதை கூடிப்போச்சு. கனம் ஜாஸ்தி. மாமிக்கு முட்டுவலி, குலையைத் தூக்கமாட்டா. எனக்கு முட்டுவலி இல்ல, ஆனாலும் தூக்கமாட்டேன்.